ஆயிரமாவது சிவப்புப் பட்டை

காலை எட்டு மணி பத்து நிமிடத்துக்கு ஆஸ்பத்திரியின் லிப்ட் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் நின்றுபோனது. உள்ளே யாரும் இல்லை. தரைத்தளத்தில், லிப்டுக்கு எதிரே கிடந்த இரும்பு பெஞ்சில் அக்கா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நின்ற தம்பி, மேலே கேட்ட சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிட்டார்.

"மூணாம் மாடிக் கதவுல கரண்ட் சேர்ற கான்டாக்ட் அழுக்கு. துணியால துடைச்சா ஓடும். அஞ்சு நிமிஷ வேலை."

"வந்த இடத்துல கடைய விரிக்காத," என்றாள் அக்கா.

தம்பிக்கு லிப்ட் பழுது பார்ப்பது தொழில். இருபத்தெட்டு வருஷம் ஆயிற்று. தெருவில் அவரை லிப்ட்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். 'எட்டு பேருக்கு மேல் ஏறாதீர்', 'கதவில் சாயாதீர்' என்ற அறிவிப்புகளைத் தன் கையால் ஒட்டி ஒட்டி, எந்தச் சுவரில் எந்த அறிவிப்பைப் பார்த்தாலும் அதற்குக் கீழ்ப்படிகிற மனிதராகவே ஆகிவிட்டிருந்தார்.

அக்கா ஊருக்கு வெளியே எடைமேடையில் சீட்டு எழுதுகிறவள். லாரி மேடையில் ஏறி நிற்கும். கண்ணாடிக் கூண்டுக்குள்ளிருந்து அவள் எடையைப் பார்த்து எழுதிக் கொடுப்பாள். லாரி இறங்கிப் போகும். கூண்டுக்கு நாலு படி. முந்தாநாள் வரை அந்த நாலும் அவளுக்குப் படியாகவே தெரிந்ததில்லை. நேற்று இரண்டாவது படியில் உட்கார்ந்துவிட்டாள். தாடையிலிருந்து இடது கைவரை இழுத்துப் பிடித்தது. உடம்பு தொப்பலாக நனைந்தது. வாயுத் தொல்லை என்று தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு மிச்ச நாளையும் எழுதி முடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாள்.

காலையில் தெருமுனை டாக்டர் அவளுடைய இதயத் துடிப்பைக் காகிதத்தில் எடுத்துப் பார்த்தார். வாய் ஓயாத மனிதர். காகிதத்தைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டுப் பேனாவை எடுத்தார். ஒரு கடிதம் எழுதி உறையில் போட்டார். உறையை ஒட்டக்கூட இல்லை. "இப்பவே போங்க. வீட்டுக்குப் போய்ட்டுப் போறோம்னு சொல்லாதீங்க," என்றார்.

அந்த வட்டாரத்தில் இதயத்துக்கு இந்த ஆஸ்பத்திரி ஒன்றுதான். அடுத்தது நாலு மணி நேரப் பயணம்.

அவசரப் பிரிவின் கதவில் காவலாளி இருந்தார். லிப்ட்காரர் கடிதத்தை நீட்டினார். காவலாளி கடிதத்தைப் பார்க்கவில்லை. நீட்டிய கையின் மணிக்கட்டைப் பார்த்தார்.

"பட்டை எங்க?"

"என்ன பட்டை?"

"சிவப்புப் பட்டை. ஆபத்தான நோயாளின்னு கையில கட்டுவாங்க. அது இருந்தா இந்தக் கதவு. மூணாம் மாடிக்குப் போய் வாங்கிட்டு வாங்க."

"எனக்கில்லைங்க. அக்காவுக்கு. அவங்களால நடக்கவே முடியல."

காவலாளி பெஞ்சைப் பார்த்தார். "பார்த்தாலே தெரியுது," என்றார். "ஆனா நான் பார்த்துத் தெரிஞ்சுக்கக் கூடாதுன்னுதான் மேல ஒரு பிரிவு வச்சிருக்காங்க."

படிக்கட்டின் முதல் படிக்கு மேலே ஓர் அறிவிப்பு இருந்தது. 'அதி உயர் ஆபத்து நோயாளிகள் படியேறுவது கண்டிப்பாகத் தடைசெய்யப்பட்டுள்ளது. அவர்கள் மூன்றாம் மாடிக்கு லிப்ட் மூலமாகவே வர வேண்டும்.' லிப்ட் கதவில் வேறொரு அறிவிப்பு. 'லிப்ட் இயங்காது.' அது புதிதல்ல. ஓரங்கள் மஞ்சளாகியிருந்தன. ஓடும் நாட்களில் அதைத் திருப்பி மாட்டி வைப்பார்கள் போல.

"நான் லிப்ட் மெக்கானிக்," என்றார் லிப்ட்காரர். "நானே சரி பண்ணிடறேன். ஒரு காசு வேண்டாம்."

"இந்த லிப்டோட மெக்கானிக்கா?"

"எல்லா லிப்டும் ஒண்ணுதாங்க."

"இன்னைக்கு நீங்க நோயாளியோட ஆள். நோயாளியோட ஆள் இயந்திரத்தத் தொடக் கூடாது." காவலாளி கையை நீட்டினார். "அந்தப் பையில ஸ்க்ரூடிரைவர் இருக்கா? குடுத்துட்டுப் போங்க. கூர்மையான பொருள்."

பையை வாங்கிக்கொண்டு ஒரு டோக்கன் கொடுத்தார். நோயாளிக்குப் பதிலாக உறவினர் ஒருவர் மேலே போய் விண்ணப்பிக்கலாம் என்று விதியில் இருப்பதையும் அவர்தான் சொன்னார். உதவி செய்கிற ஆள்தான்.

லிப்ட்காரர் அக்காவிடம் வந்து சொன்னார்.

"ஓடாத," என்றாள் அக்கா. "மெதுவா ஏறு. உனக்கு ஒண்ணு ஆயிட்டா என்னை யாரு பார்க்கறது?"

அவர் ஓடினார். மூன்று மாடிக்கும் சேர்த்து அறுபத்தாறு படிகள். ஐம்பத்திரண்டு வயது. தொழிலே லிப்ட் என்பதால் படியேறிப் பழக்கமில்லை.

மூன்றாம் மாடியில் லிப்ட் கதவு எதிரிலேயே இருந்தது. அவர் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. சாவிக் கொத்தில் முக்கோணச் சாவி இருந்தது. உலகத்தில் எந்த மாடியிலும் லிப்ட் கதவை வெளியிலிருந்து திறக்கிற சாவி. அதைக் காவலாளி கேட்கவில்லை. ஆனால் கதவுக்கு மேலே 'தொடாதீர்' என்று எழுதியிருந்தது. அவர் தொடவில்லை.

பிரிவின் பெயர் ஒரே பலகையில் அடங்காததால் இரண்டு பலகைகள் செய்திருந்தார்கள். 'அதி உயர் ஆபத்து நோயாளர் கண்டறிதல்' என்ற பலகை வாசலுக்கு மேலே மாட்டப்பட்டிருந்தது. 'மற்றும் சிகிச்சைப் பிரிவு' என்ற பலகை சுவரோரம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன்மேல் தரை துடைக்கும் துணி காய்ந்துகொண்டிருந்தது.

உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. பன்னிரண்டு நாற்காலிகளும் காலி. மேஜைக்குப் பின்னால் பிரிவு அதிகாரி உட்கார்ந்திருந்தார். அவர் டாக்டர் இல்லை. யார் டாக்டரைப் பார்க்கலாம் என்று முடிவு செய்கிறவர்.

"உட்காருங்க," என்றார் அதிகாரி. ரத்த அழுத்தம் பார்க்கும் காற்றுப்பட்டையைக் கையில் சுற்றி அமுக்கினார். விரலில் ஒரு கவ்வியை மாட்டினார்.

"சார், எனக்கு இல்ல..." லிப்ட்காரருக்கு மூச்சு வாங்கியது. அடுத்த சொல் வரவில்லை.

"பேச முடியல," என்று அதிகாரி படிவத்தில் எழுதினார். "மூணு மதிப்பெண்."

நாடி நிமிடத்துக்கு நூற்று இருபத்தினாலு. அதற்கு மூன்று. ரத்த அழுத்தம் நூற்று எழுபது. அதற்கு மூன்று. வயது ஐம்பதுக்கு மேல். இரண்டு.

"அப்பா அம்மா யாருக்காவது இதய நோய் உண்டா?"

"அப்பா அதுலதான் போனாரு. சார், நான் வந்தது..."

"இரண்டு. கூடப் பிறந்தவங்களுக்கு?"

"ஆமா சார், அதத்தான் சொல்ல வர்றேன். எங்க அக்காவுக்கு. கீழ உட்கார்ந்திருக்காங்க. லெட்டர் இருக்கு."

அதிகாரி கடிதத்தை வாங்கிப் படித்தார். முதல்தடவையாக முகம் மலர்ந்தது. "ஆதாரத்தோட இருக்கு. அஞ்சு." கடிதத்தைப் படிவத்தோடு சேர்த்துக் குத்தினார். கூட்டிப் பார்த்தார். "பதினெட்டு. பதினஞ்சுலேர்ந்து இருபது வரைக்கும் அதி உயர் ஆபத்து."

பிறகு கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தார். எழுந்து நின்றார். உள்ளறையைப் பார்த்துச் சொன்னார்: "சார், ஆயிரம் வந்தாச்சு."

பட்டை பிளாஸ்டிக். இழுத்தால் பூட்டிக்கொள்ளும். ஒரு பக்கமாகத்தான் ஓடும். லிப்ட்காரருக்கு அந்த வகைப் பூட்டு தெரியும். ஒயர்களைக் கட்டுவதற்கு அவரே பயன்படுத்துவார். அது என்னவென்று அவருக்குப் புரிவதற்குள் மணிக்கட்டில் ஏறியிருந்தது.

"சார், நான் நோயாளி இல்ல. நோயாளிக்கு நான் தம்பி."

"விதி என்ன சொல்லுது? பிரிவுக்கு வந்தவரை அளக்கணும். வந்தது யாரு?"

"நான்தான். படியேறி ஓடிவந்ததால மூச்சு வாங்குது."

"படியேறினீங்களா?" அதிகாரி அதிர்ந்துபோனார். "இவ்வளவு ஆபத்துல இருந்துகிட்டு? கீழ அறிவிப்பப் பார்க்கலையா?"

"இதக் கழட்டுங்க சார்."

"கழட்ட ரெண்டு காரணம்தான் இருக்கு. ஒண்ணு, குணமாகணும்." இரண்டாவது காரணத்தை அவர் சொல்லவில்லை.

இயக்குநர் வந்தார். பெரிய டாக்டர். பின்னாலேயே நாலு பேர் வந்தார்கள். ஒருவர் கையில் பூங்கொத்து, ஒருவர் கையில் கேமரா. எல்லாம் தயாராகத்தான் இருந்திருக்கிறது. மூன்று நாட்களாக ஆயிரமாவது ஆள் வராமல் பூ வாடத் தொடங்கியிருந்தது. நீல ரிப்பன் மட்டும் புதிதாக இருந்தது. லிப்ட்காரரை ஒரு சக்கர நாற்காலியில் உட்காரவைத்து ஆறடி தள்ளிப்போய் 'ஆயிரம்' என்று அச்சடித்த பதாகைக்கு முன்னால் நிறுத்தினார்கள். இயக்குநர் காகிதத்தைப் பார்க்காமல் பேசினார்.

"நண்பர்களே, முன்பெல்லாம் ஆபத்தான நோயாளி வந்தால் மருத்துவர்கள் என்ன செய்தார்கள்? எந்தக் கணக்கும் இல்லாமல் சிகிச்சையில் இறங்கிவிடுவார்கள். நோயாளி பிழைத்துவிடுவார். ஆனால் அவர் எவ்வளவு ஆபத்தில் இருந்தார் என்று கடைசிவரை யாருக்கும் தெரியாது. அந்த இருண்ட காலத்தை நாம் முடித்துவைத்திருக்கிறோம். இன்று இந்த வளாகத்தில் ஒவ்வொரு ஆபத்துக்கும் ஒரு எண் இருக்கிறது. கண்டறிதல் என்பது சிகிச்சையில் தொண்ணூறு சதவீதம். எஞ்சிய பத்து சதவீதத்தை அடுத்த கட்டத்தில் தொடங்குவோம். பெருமையோடு சொல்கிறேன். ஆயிரம் பேருக்குப் பட்டை கட்டியிருக்கிறோம். பட்டை கட்டியிருந்த நிலையில் ஒருவர்கூட இறந்ததில்லை."

கைதட்டினார்கள். இயக்குநர் குனிந்து லிப்ட்காரரின் தோளைத் தட்டினார்.

"நீங்க எங்க விருந்தாளி. உங்களுக்கு என்ன வேணும்னாலும் கேளுங்க. ஒண்ணு கேட்டா ஒண்ணு செய்வோம்."

"எங்க அக்கா கீழ இருக்காங்க. அவங்கள ஒரு தடவை பாருங்க சார்."

"குடும்ப பாசம்," என்றார் இயக்குநர் கேமராவைப் பார்த்து. பிறகு அதிகாரியிடம் திரும்பினார். "அக்காவ வரவழைங்க. பெட்டுக்கு ஒரு துணையாள் எப்படியும் வேணுமே."

ஏழாம் எண் கட்டிலில் லிப்ட்காரரைப் படுக்கவைத்தார்கள். நர்ஸ் வந்து நெஞ்சில் மூன்று ஒயர்களை ஒட்டினாள். தலைமாட்டில் ஒரு திரை பச்சைக்கோடு போட ஆரம்பித்தது. அந்த வார்டில் இருபது கட்டில்கள் இருந்தன. ஒவ்வொரு கட்டிலிலும் ஒரு சிவப்பு மணிக்கட்டு. பக்கத்துக் கட்டில்காரர் கையை உயர்த்திக் காட்டினார். "எண்ணூத்தி நாப்பது," என்றார். அது அவருடைய பட்டை எண்.

"சிஸ்டர், அக்காவால படியேற முடியாது. ஏறக் கூடாதுன்னு உங்க அறிவிப்புலயே இருக்கு."

"அது பட்டை கட்டினவங்களுக்கு," என்றாள் நர்ஸ். "துணையாளுக்குத் தடை இல்ல."

"அப்ப நான் கீழ போறேன்."

"நீங்க படியில கால் வச்சீங்கன்னா என் வேலை போயிடும்."

அவர் எழுந்து வார்டு வாசல்வரை போனார். அங்கேயும் ஒரு காவலாளி இருந்தார். அவர் லிப்ட்காரரின் முகத்தைப் பார்க்கவில்லை. மணிக்கட்டைப் பார்த்துவிட்டுத் தோளைப் பிடித்துத் திருப்பிக் கொண்டுவந்து கட்டிலில் விட்டார். அன்பாகத்தான் பிடித்தார்.

கீழே என்ன நடந்தது என்பது அக்கா சொல்லித்தான் தெரிந்தது. காவலாளி பெஞ்சுக்கு வந்து, "உங்க தம்பி ரொம்ப சீரியஸ். மேல படுக்க வச்சிருக்காங்க. உங்கள வரச் சொல்றாங்க," என்றிருக்கிறார்.

தனக்காகப் போயிருந்தால் அக்கா முதல் மாடியைத் தாண்டியிருக்க மாட்டாள். அவள் அறுபத்தாறு படிகளையும் ஏறினாள். ஒவ்வொரு திருப்பத்திலும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினாள். முக்கால் மணி நேரம் ஆயிற்று. வார்டு வாசலில் அவள் வந்து நின்றபோது முகம் சிமெண்ட் நிறத்தில் இருந்தது. உதட்டோரம் வெளுத்திருந்தது.

தம்பி பூங்கொத்தோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

அக்கா அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். ஒயர்களைப் பார்த்தாள். பட்டையைப் பார்த்தாள். நாற்காலியில் மெதுவாக இறங்கி உட்கார்ந்தாள். மூச்சு வந்து சேர வெகுநேரம் ஆயிற்று.

"உனக்கு என்னடா ஆச்சு?"

அவர் சொன்னார். எல்லாவற்றையும் சொன்னார். அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"முப்பது வருஷமா சீட்டு எழுதறேன்," என்றாள். "லாரிய எடை போடச் சொன்னா டிரைவர எடை போட்டு அனுப்பற ஆள நான் பார்த்ததில்ல."

"சிரிக்காதக்கா. உனக்கு மூச்சு வாங்குது."

"சிரிக்கல. உள்ள பாறாங்கல்ல வச்ச மாதிரி இருக்கு. சிரிப்பு அதத் தாண்டி வரமாட்டேங்குது. அந்தப் பூவ தூரப் போடு. என்னவோ மாதிரி இருக்கு."

அவர் ரிப்பனைப் பிடித்துப் பூங்கொத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

பதினோரு மணிக்கு இயக்குநர் நோயாளிகளைப் பார்வையிட வந்தார். ஏழாம் கட்டிலின் திரையைப் பார்த்தார். நாடி எழுபத்திரண்டு. ரத்த அழுத்தம் நூற்று இருபத்தைந்து. காலையில் எழுதிய தாளைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார்.

"இரண்டரை மணி நேரத்தில்," என்றார் பின்னால் வந்தவர்களிடம். "குறித்துக்கொள்ளுங்கள். மருந்தே இல்லாமல். பட்டை கட்டியதும் நோயாளிக்கு ஒரு நம்பிக்கை வருகிறது பாருங்கள். இதைத்தான் நான் மாநாட்டில் சொன்னேன்."

"சார், எனக்கு முதல்லேர்ந்தே ஒண்ணும் இல்ல," என்றார் லிப்ட்காரர். "இவங்களுக்குத்தான்." அக்காவைக் காட்டினார்.

இயக்குநர் அக்கா பக்கம் லேசாகத் திரும்பிப் பார்த்தார். இருபது வருஷம் முன்னால் அவர் நல்ல டாக்டராக இருந்தவர் என்று சொல்வார்கள். அந்த டாக்டர் உள்ளே எங்கேயோ இன்னும் இருந்திருக்க வேண்டும். கண் ஒரு நொடி அக்காவின் உதட்டில் நின்றது. நெற்றி வியர்வையில் நின்றது. பிறகு அவளுடைய வெறும் மணிக்கட்டுக்கு வந்தது. அங்கே நிம்மதியடைந்தது.

"துணையாள் ரொம்பக் கவலைப்படறாங்க," என்றார். "கவலைப்படாதீங்கம்மா. தம்பி தேறிடுவார்."

அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

நர்ஸ் மட்டும் நின்றாள். அக்காவின் நாடியை யாருக்கும் தெரியாமல் விரலால் தொட்டுப் பார்த்தாள். அவளுக்கு முகம் மாறியது.

"சிஸ்டர், இந்த ஆயிரம் பேர்ல ஒருத்தர்கூடச் சாகலைன்னாரே. நிஜமா?" என்றார் லிப்ட்காரர்.

"பட்டையோட ஒருத்தரும் சாகல," என்றாள் நர்ஸ். "முடியப்போகுதுன்னு தெரிஞ்சா முதல்ல அதத்தான் வெட்டுவோம். கத்தரிக்கோல் என் பையிலதான் இருக்கு."

"அதால இப்ப இத வெட்டுங்க."

"நீங்க முடியற மாதிரி இல்லையே."

அவள் போனதும் லிப்ட்காரர் யோசித்தார். இருபத்தெட்டு வருஷத்தில் முதல்தடவையாக ஓர் அறிவிப்பை மீறினார். 'ஒயர்களைக் கழற்றாதீர்' என்று திரையின் மேலேயே எழுதியிருந்தது. மூன்று ஒயர்களையும் பிடுங்கினார். அக்கா வேண்டாம் என்று கையை அசைப்பதற்குள் அவளுக்கு ஒட்டினார்.

திரையில் பச்சைக்கோடு ஒரு கணம் படுத்தது. பிறகு தாறுமாறாகக் குதித்தது. மணி அலறியது.

ஒரு நிமிடத்தில் ஆறு பேர் வந்துவிட்டார்கள். தள்ளுவண்டி வந்தது. ஊசி வந்தது. மூச்சுக் குழாய் வந்தது. அந்த ஆஸ்பத்திரியில் எல்லாம் இருக்கிறது என்பது அப்போதுதான் லிப்ட்காரருக்குத் தெரிந்தது. பிரிவு அதிகாரியும் ஓடிவந்தார். திரையைப் பார்த்தார். கட்டிலில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தார். ஒயர் போகும் வழியைக் கண்ணால் பிடித்துக்கொண்டே நாற்காலிவரை போனார்.

"இது உங்க அளவு இல்ல," என்றார்.

"ஆமா சார். அவங்களோடது. பாருங்க, திரையே சொல்லுது."

"திரை ஏழாம் பெட்டோடது. ஏழாம் பெட் நீங்க. உங்க பேர்ல தப்பான அளவு ஏறிக்கிட்டிருக்கு." அதிகாரி பொத்தானை அமுக்கினார். மணி நின்றது. கோடு குதித்துக்கொண்டே இருந்தது. சத்தம் மட்டும் இல்லை. வந்தவர்கள் தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்கள். நர்ஸ் அக்காவிடமிருந்து ஒயர்களை எடுத்தாள். மூன்றாவதுக்கு வந்ததும் அதிகாரியைத் திரும்பிப் பார்த்தாள். ஆனாலும் எடுத்தாள்.

"சார்," என்றார் லிப்ட்காரர். "ஒண்ணு கேட்டா ஒண்ணு செய்வோம்னு இயக்குநர் சொன்னாரு. கேமரா முன்னால சொன்னாரு. எங்க அக்காவ அளந்து பாருங்க. அது போதும்."

கேமரா என்றதும் அதிகாரி தயங்கினார். படிவம் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார்.

வயதுக்கு இரண்டு. மூச்சுக்கு மூன்று. நாடிக்கு மூன்று. ரத்த அழுத்தம் மிகக் குறைவு. அதற்கு மூன்று. நெஞ்சுவலிக்கு ஐந்து. அப்பாவுக்கு இரண்டு.

லிப்ட்காரர் விரல்விட்டுக் கூட்டிக்கொண்டே வந்தார். பதினெட்டு. அக்காவின் தோளைத் தொட்டார். "கிடைச்சிருச்சுக்கா."

"கூடப் பிறந்தவங்களுக்கு இதய நோய் உண்டா?" என்றார் அதிகாரி.

"இல்ல சார்," என்றார் லிப்ட்காரர்.

அதிகாரி பேனாவால் லிப்ட்காரரின் மணிக்கட்டைச் சுட்டினார். "உண்டு. நானே கட்டியிருக்கேன். அஞ்சு." கூட்டினார். "இருபத்திமூணு."

"சரி, இருபத்திமூணு. பட்டையக் கட்டுங்க."

"எப்படிக் கட்டறது? பதினஞ்சுலேர்ந்து இருபது வரைக்கும்தான் அதி உயர் ஆபத்து. இது இருபதத் தாண்டிருச்சு. இவ்வளவு ஆபத்துக்கு எங்ககிட்ட பட்டை இல்ல."

"அந்த அஞ்ச எடுத்துடுங்க சார். அது பொய். எனக்கு ஒண்ணும் இல்லைன்னு இயக்குநரே சொன்னாரு."

"தேறிட்டீங்கன்னு சொன்னாரு. ஒண்ணும் இல்லைன்னு சொல்லல." அதிகாரி குரலைத் தாழ்த்தினார். அவருக்குக் கோபம் இல்லை. புரியவைக்க வேண்டும் என்ற அக்கறைதான் இருந்தது. "பாருங்க, உங்க அஞ்ச எடுக்கணும்னா உங்க பட்டை தப்புன்னு எழுதணும். உங்க பட்டை ஆயிரமாவது பட்டை. பதாகை அடிச்சாச்சு. போட்டோ போயாச்சு. இன்னொண்ணு. இருபத்திமூணுக்குப் பட்டை கட்டி, அது கையில இருக்கும்போதே ஏதாவது ஆயிட்டா? ஆயிரத்துல ஒண்ணுகூடப் போகலைன்னு இயக்குநர் இன்னைக்குத்தான் பேசியிருக்காரு. எல்லாரும் நல்லா இருக்கணும்னுதானே இந்தப் பிரிவே வச்சிருக்கோம்."

படிவத்தின் ஓரத்தில் 'அளவுக்கு வெளியே' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதன் நகலை அக்காவின் மடியில் வைத்துவிட்டுப் போனார்.

அக்கா அதை எடுத்து எட்டப் பிடித்துப் படித்தாள். சீட்டைச் சரிபார்க்கிற பழக்கம். "கூட்டல் சரிதான்," என்றாள். குரல் எங்கோ அடியிலிருந்து வந்தது. "வண்டி எடையில டிரைவரையும் சேர்த்துட்டானுங்க. அவ்வளவுதான்."

"அக்கா, கீழ கூட்டிட்டுப் போறேன். அவசரப் பிரிவுக்கு. என் கையத்தானே பார்ப்பானுங்க. உன் கை மேல என் கைய வச்சுக்கறேன். எது யாரு கைன்னு அவனுங்களுக்கு எங்க தெரியப்போகுது."

"படி இறங்கணுமே." அக்கா கண்ணை மூடினாள். "என்னால ஆகாதுடா. ஒரு படிகூட."

"படி வேண்டாம். லிப்ட்ல போலாம். அஞ்சு நிமிஷம். அஞ்சே நிமிஷம் உட்காரு."

"உன் கடைய விரிக்கப்போறியா?" என்றாள் அக்கா. உதட்டில் ஒரு கோணல் வந்தது. "போ. விரி."

கட்டிலுக்கு அடியிலிருந்த பூங்கொத்தின் நீல ரிப்பனை அவர் உருவிக்கொண்டார். சாப்பாட்டு நேரம். வாசல் காவலாளி உள்பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். லிப்ட்காரர் அந்த முதுகைத் தாண்டிப் போனார்.

'தொடாதீர்' என்ற எழுத்துக்கு நேர் கீழே முக்கோணச் சாவியை விட்டுத் திருப்பினார். கதவு ஒரு கையகலம் திறந்தது. உள்ளே இருட்டுக் கிணறு. இடுப்பளவு உயரத்தில் லிப்டின் கூரை தெரிந்தது. மின்சாரத்தை நிறுத்தாமல் கையை உள்ளே விடக் கூடாது என்று எத்தனையோ பேருக்கு அவர் சொல்லிக்கொடுத்திருக்கிறார். கையை விட்டார். கதவின் மேல்மூலையில் விரல் தானாக இடத்தைக் கண்டுபிடித்தது. காலையில் அவர் சொன்னது சரி. கறுத்த பிசுக்கு, அவ்வளவுதான். ரிப்பனை விரலில் சுற்றித் துடைத்தார். மறுபடி துடைத்தார். கதவைச் சாத்தினார்.

கம்பிவடம் அசையும் சத்தம் கேட்டது. மோட்டார் முனகி எடுத்தது. லிப்ட் அரைமாடி ஏறி வந்து, அவருக்கு முன்னால், தரைக்குச் சரிமட்டமாக நின்றது. கதவு திறந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. சுவரில் எட்டு பேருக்கு மேல் ஏறாதீர் என்று எழுதியிருந்தது.

கதவு மூடாமலிருக்கத் தன் செருப்பில் ஒன்றைக் குறுக்கே வைத்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நாலரை நிமிடம் ஆகியிருந்தது.

ஒற்றைச் செருப்போடு வார்டுக்குள் ஓடிவந்தார். "அக்கா, ஓடிருச்சு. எழுந்திரு," என்று வாசலிலிருந்தே சொன்னார்.

அக்கா சுவரில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். படிவம் மடியிலிருந்து நழுவித் தரையில் கிடந்தது. பக்கத்தில் நர்ஸ் முழங்காலிட்டு அவளுடைய மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். இன்னொரு கையில் கத்தரிக்கோல் இருந்தது. வெட்டுவதற்கு அக்காவின் கையில் ஒன்றும் இல்லை. அவள் நிமிர்ந்து லிப்ட்காரரைப் பார்க்கவில்லை.

பிரிவு அதிகாரி வருகைப் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலின் காலடியில் நின்றிருந்தார். லிப்ட்காரரைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது.

"வந்துட்டீங்களா. பெட்ட விட்டு இறங்கக் கூடாதுன்னு எத்தன தடவ சொல்றது," என்றார். பேனா மூடியைத் திறந்தார். "அதி உயர் ஆபத்து நோயாளி ஒரு நிமிஷம்கூடத் துணையாள் இல்லாம இருக்கக் கூடாது. இவங்களுக்குப் பதிலா யார் வர்றாங்க?"